கொடியை அசைத்தவன் நான்

1940-ஆம் வருஷம் தை மாதம் நடந்தது இது. அப்போது மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் நடுவே ஒரு சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கி, இலந்தைப்பழம் பறித்துக்கொண்டு, திரும்பவும் ஓடி ஏறிக்கொள்ளலாம், அவ்வளவு வேகம். அந்த ரயிலில் நான் டிக்கெட் குமாஸ்தா. வயது இருபத்துநாலு. மீசையும் திமிரும் ஒன்றாக முளைத்திருந்த வயது.

வழியில் ஒரு ஆற்றுப் பாலம் உண்டு. அதன் இரும்பு உத்தரங்கள் துருப்பிடித்துப் போய்விட்டன என்று மூன்று மாதத்துக்குப் பாலத்தை மூடிவிட்டார்கள். பாலத்தை மூடினாலும் ரயிலை நிறுத்த முடியாதே. மொரப்பூருக்குப் போனால்தான் சேலத்துக்கும் மதராசுக்கும் போகிற பெரிய வண்டியைப் பிடிக்கலாம். அதனால் ஒரு ஏற்பாடு செய்தார்கள். தருமபுரியிலிருந்து வருகிற வண்டி ஆற்றுக்கு இந்தாண்டை நின்றுவிடும். ஜனங்கள் இறங்கி, கரையில் இறங்கி, ஆற்றை நடந்தே தாண்டி, அந்தாண்டைக் கரையேறி, அங்கே காத்திருக்கும் இன்னொரு வண்டியில் ஏற வேண்டும். இந்த ஜனங்களைப் பத்திரமாகவும் சீக்கிரமாகவும் தாண்ட வைக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

முதல் நாள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. வண்டி நின்றதும் பாதிப் பேர் இறங்கவே இல்லை. டிக்கெட் மொரப்பூருக்குத்தானே வாங்கினோம், இங்கே ஏன் இறங்கணும் என்று சட்டம் பேசினார்கள். கம்பைநல்லூர்ச் சந்தைக்குக் கோழி கொண்டுபோன ஒருவர் கூடையைத் திறந்துவிட, ஆறு முழுக்கக் கோழி. ஒரு பெரியவர் இறங்கி, வெற்றிலை போட்டுக்கொண்டு, இறங்கின வண்டியிலேயே திரும்ப ஏறி உட்கார்ந்துவிட்டார். வண்டி அவரைத் தருமபுரிக்கே கொண்டுபோய் இறக்கியது. அன்றைக்குத் தாண்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

நான் விடவில்லை. தண்ணீர் ஓடுகிற இடத்தில் மணல் மூட்டை அடுக்கிப் பாதை போட்டேன். இரண்டு பக்கமும் கயிறு கட்டினேன். தகரத்தில் ஊதுகுழல் மாதிரி ஒன்று செய்து அதில் வாயை வைத்துக் கத்தினேன். முதலில் பெண்டு பிள்ளைகள், பிறகு மூட்டை முடிச்சு, கடைசியில் ஆம்பளைகள் என்று வரிசை வைத்தேன். எல்லாரும் போன பிறகு கடைசி ஆளுக்குப் பின்னால் நான் நடப்பேன். அந்த ஆள் அக்கரையில் ஏறியதும் பச்சைக் கொடியைத் தூக்குவேன். அக்கரை வண்டியின் கார்டுக்கு அந்தக் கொடிதான் உத்தரவு. நான் தூக்காமல் வண்டி நகராது, தூக்கிவிட்டால் நிற்காது.

இரண்டே வாரத்தில் முக்கால் மணி நேரம் பதினைந்து நிமிஷமாகக் குறைந்தது. பிறகு பதின்மூன்று. பிறகு பன்னிரண்டு. ஸ்டேஷன் மாஸ்டர் என் முதுகில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இடுப்பில் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஜனங்களை ஆடு மாடு மாதிரி ஓட்ட ஆரம்பித்தேன். அதை அப்போது நான் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை, லைன் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். டிராலியில் மொரப்பூரிலிருந்து வந்து, பாலத்து வேலையைப் பார்த்துவிட்டு, நாங்கள் ஆளைத் தாண்ட வைப்பதையும் பார்க்கப் போவதாகச் சொன்னார். டிராலி என்றால் தண்டவாளத்தின் மேல் நாலு பேர் தள்ளிக்கொண்டு ஓடுகிற பலகை வண்டி. அதை அக்கரையில் ஓரமாக நிறுத்திவிட்டு, கையில் கடிகாரத்தோடு கரைமேல் நின்றார். அவர் பெரிய கோபக்காரர் என்று எல்லாரும் சொல்லுவார்கள். நான் அவரிடம் அதுவரை நாலு வார்த்தை பேசினதில்லை.

முற்பகல் வண்டி வந்தது. ஜனங்கள் இப்போதெல்லாம் பழகிவிட்டார்கள். மளமளவென்று இறங்கி வரிசையில் நடந்தார்கள். எல்லாரும் போன பிறகு பார்த்தால், இரண்டு பெண்கள் மட்டும் தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கூட இருந்தது அவருடைய மருமகள், இருபது வயதுகூட இருக்காது. வத்தல்மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். அந்த அம்மா ஒரு வெற்றிலையில் மஞ்சள் தூளும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என்னம்மா, வண்டி போற நேரத்துல இங்க ஒக்காந்து சோறாக்குறீங்களா?" என்றேன்.

"கோச்சுக்காதீங்க சாமி. மருமவ மாசமா இருக்கறா. ஆறு மாசம். மாசமா இருக்கறவள ஆத்தைச் சும்மா தாண்ட வைக்கக் கூடாதுங்க. ஒரு சூடம் கொளுத்திக் கும்புட்டுட்டு வந்துடறோம்."

"தெனம் பாலத்து மேல ரயில்ல மாசமா இருக்கறவங்க போறாங்களே, அவங்கள்லாம் கும்புட்டுட்டா போறாங்க?"

"அது வண்டி தாண்டுதுங்க. இது நம்ம காலால தாண்டறது." அந்த அம்மா சிரிக்காமல்தான் சொன்னார். "எங்களுக்கு வண்டியில வந்த பொறவுதான் எறங்கி நடக்கணும்னே தெரியுமுங்க. மஞ்சளுங் குங்குமமுங்கூடச் சந்தைக்குப் போற ஒரு பொண்ணுகிட்டக் கேட்டு வாங்கினது."

அப்படி என்ன அவசரமாக மொரப்பூருக்கு என்று கேட்டேன். அவர் சொன்னது இதுதான். அவருடைய மகன் பட்டாளத்தில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. அவன் போகும்போது இவள் மாசமாக இருப்பது இவளுக்கே தெரியாது. இப்போது அவனைக் கப்பலில் அனுப்பப் போகிறார்கள். இன்றைக்குச் சேலத்திலிருந்து வரும் மெயிலில் மொரப்பூர் வழியாகப் போகிறான். வண்டி நிற்கிற அந்த ஐந்து நிமிஷத்தில் அவளை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று கடுதாசி எழுதியிருக்கிறான். அந்தக் கடுதாசியை மலையில் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லை என்று தருமபுரிக்கு வந்து ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, நேற்றே மலையிறங்கி வந்து தங்கியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்ட பிறகுதான் நான் அதைச் செய்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

"சரி சரி, சீக்கிரம் ஆவட்டும்" என்றேன். அந்த அம்மா மருமகளிடம், "நீ நெதானமா முடிச்சுட்டு வா, நான் முன்னாடி போய் வண்டிய நிக்கச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணல் மூட்டைகள்மேல் விடுவிடுவென்று நடந்து அக்கரை ஏறிவிட்டார். அந்தப் பெண் கணுக்கால் தண்ணீரில் இறங்கி நின்றாள். காற்று அடித்ததில் தீக்குச்சி அணைந்தது. இன்னொன்று கிழித்தாள். அதுவும் அணைந்தது.

நான் நடு ஆற்றில் நின்றுகொண்டிருந்தேன். அக்கரையில் இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைத் தூக்கிப் பார்த்தார். நானும் என் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷம் ஆகியிருந்தது. இதுவரை எங்கள் கணக்கில் வராத பத்து. திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது குச்சியில் சூடம் பற்றிக்கொண்டது. அவள் இலையைத் தண்ணீரில் விட்டுக் குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கையில் தண்ணீர் அள்ளி மூன்று தடவை விட வேண்டும் போலிருக்கிறது, ஒரு தடவை விட்டாள். நான் பார்ப்பது தெரிந்து, "தோ வந்துட்டேனுங்க" என்றாள்.

நான் கொடியைத் தூக்கினேன்.

வண்டி கிளம்புவதற்குள் ஓடி ஏறிவிடுவாள் என்று நினைத்தேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓடுகிற வண்டியில் ஏறலாம் என்று ஊரே சொல்லுகிற வண்டிதானே. ஆறு மாதக் கர்ப்பிணி ஈரப் புடவையோடு கரையேறி ஓட வேண்டும் என்பதை என் புத்தி எண்ணிப் பார்க்கவில்லை. எண்ண விரும்பவில்லை என்பதுதான் சரி.

ஊதல் கேட்டதும் அவள் பதறிப்போனாள். கும்பிடுவதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தாள். மணல் மூட்டையில் கால் வழுக்கிக் கீழே உட்கார்ந்துவிட்டாள். நான் கையைக் கொடுத்துத் தூக்கினேன். என் கையைப் பிடித்தபடியே மூச்சிரைக்கக் கரையேறினாள். அதற்குள் வண்டியின் கடைசிப் பெட்டி வளைவைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஜன்னலில் அந்த அம்மாவின் தலை தெரிந்தது. என்னவோ கத்திக்கொண்டு போனார். கார்டிடம் அவர் எவ்வளவோ மன்றாடியிருக்கிறார். பச்சைக் கொடி காட்டியாச்சே அம்மா என்று அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அவள் அழவில்லை. என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "அடுத்த வண்டி எப்பங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"சாயந்திரம்" என்றேன்.

அவள் தண்டவாளத்துக்குப் பக்கத்தில், வண்டி போன திசையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

எதிரிலேயே இன்ஸ்பெக்டருடைய டிராலி நின்றது. தள்ளுகிற நாலு பேரும் வேப்பமரத்தடியில் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவரோ இன்னும் இரண்டு மணி நேரம் பாலத்திலேயே இருப்பதாகச் சொல்லியிருந்தார். மொரப்பூர் அங்கிருந்து ஏழு மைல். டிராலியில் ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம். இது எனக்கு அந்த நிமிஷமே தோன்றியது. கேட்கலாம் என்று அவரை நோக்கி நாலு எட்டு வைக்கவும் செய்தேன். அவரே எதிரில் வந்தார்.

"பலே. பத்தே நிமிஷம். உன்ன மாதிரி நாலு பேரு இருந்தா இந்த லைனே உருப்பட்டுடும்யா" என்றார்.

அந்தப் பாராட்டு என் வாயை அடைத்துவிட்டது. ஒரு ஆளை விட்டுவிட்டுக் கொடி காட்டினேன் என்று அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் பாலத்தைப் பார்க்கப் போய்விட்டார். டிராலி நின்ற இடத்திலேயே நின்றது. நானும் கரையில் எங்களுக்குப் போட்டிருந்த கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, மெயில் இந்நேரம் போயிருக்கும், இனிமேல் கேட்டு என்ன பயன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மெயில் போகவில்லை. அன்றைக்குப் பார்த்து அது ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம். சாயந்திர வண்டியில் திரும்பி வந்த அந்த அம்மா சொல்லித்தான் தெரிந்தது. டிராலியில் அனுப்பியிருந்தால் சாவகாசமாகப் போய் இறங்கி, தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருந்திருக்கலாம். கொடியை ஐந்து நிமிஷம் கழித்துத் தூக்கியிருந்தால் ஒருவருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

மகன் வண்டியிலிருந்து குதித்து இறங்கி, பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடித் தேடினானாம். "வந்துட்டிருக்கறாடா, ஆத்துக்கிட்ட இருக்கறா" என்று அம்மா சொல்லியும் கேட்காமல், சின்ன ரயில் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டு நின்றானாம். அவனை இழுத்து ஏற்றினார்களாம். மருமகள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு தலை குனிந்து நின்றாள். மாமியார் சொல்லி முடித்துவிட்டு அவளிடம் கேட்ட முதல் கேள்வி எனக்கு விசித்திரமாக இருந்தது.

"கும்புட்டு முடிச்சியா?"

"இல்லீங்கத்தை. பாதியில ஊதிட்டாங்க."

அந்த அம்மாவின் முகம் மாறியது. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து இன்ஸ்பெக்டர் மறுபடியும் வந்தார். மனசு கேட்காமல் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். கடமையைத்தானே செய்தாய் என்று சொல்லுவார், பாரம் இறங்கும் என்று ஒரு நப்பாசை.

"டிராலி சும்மாதானேய்யா நின்னுச்சு? கேட்டிருந்தா நானே ஏத்தி வுட்டிருப்பேனே. நான் என்ன புலியா?" என்றார்.

அந்த மனிதரைப் புலி என்று நினைத்துப் பயந்தேனா, இல்லை என் பத்து நிமிஷம் பறிபோய்விடுமே என்று பயந்தேனா என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

பாலத்தைச் சரி செய்தார்கள். ஆனால் யுத்தம் முற்றியதும் அந்த ரயிலையே நிறுத்தி, தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குத் தருமபுரியிலேயே வேறு உத்தியோகம் கிடைத்தது. கல்யாணம் ஆயிற்று. நாலு வருஷம் ஓடிவிட்டது.

ஒரு நாள் சந்தையில் நானும் என் மனைவியும் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது, "சாமி, ஆத்துல கொடி காட்டுவீங்களே, நீங்கதானே?" என்று ஒரு குரல். அந்த அம்மாதான். சாமையும் கடுக்காயும் விற்க மலையிலிருந்து வந்திருந்தார். பக்கத்தில் ஒரு சின்னப் பெண் குழந்தை, கடுக்காயை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. பேத்தி என்று சொன்னார். மகன் வந்துவிட்டானா என்று கேட்டேன். ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது.

"வரலீங்க. சீமைக்கு அந்தாண்ட எங்கியோ சண்டையில செத்துப் போயிட்டான்னு காயிதம் வந்துச்சுங்க. இந்தப் புள்ளைக்கு அப்ப ஒரு வயசு."

மருமகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். அந்த அம்மாவின் குரல் கெட்டிப்பட்டது.

"அவளப் பத்திக் கேக்காதீங்க சாமி. ஆத்தாளைக் கும்புட ஆரம்பிச்சுட்டு, பாதியில எந்திரிச்சு ஓடியாந்தா. மூணு கை தண்ணி வுடறதுக்குப் பொறுமை இல்ல. ஆத்தா சும்மா வுடுவாளா? எம் மவனைக் கொண்டுக்கிட்டா. ஊரே சொல்லுதுங்க."

இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அம்மா, அவள் பாதியில் ஓடி வரவில்லை, நான் அவளைத் துரத்தினேன், அவள் கும்பிட்டுக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் வண்டியை அனுப்பினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆறு கோபித்துக்கொள்ளும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு இருந்தது. அவர் நம்புகிற கணக்குப்படியே பார்த்தாலும் பழி என்மேல்தான் விழ வேண்டும். சுற்றிலும் சந்தைக் கூட்டம். பக்கத்தில் மனைவி. நான் சொன்னது இதுதான்.

"என்னம்மா பண்றது, எல்லாம் விதி."

அந்த அம்மா தலையாட்டினார். எங்களுக்கு இரண்டு படி சாமை அளந்து கொடுத்து, மேலே ஒரு கை போட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி யார் அவர்கள் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நடையை நிறுத்திவிட்டாள். "இதை அந்தம்மாகிட்டயே சொல்ல வேண்டியதுதானே? என்கிட்டச் சொல்லி என்ன ஆவுது?" என்றாள். திரும்பி ஓடினேன். அதற்குள் சந்தை கலைந்துவிட்டது. மலைக்காரர்கள் வெயில் தாழ்வதற்குள் கிளம்பிவிடுவார்கள்.

அடுத்த வாரச் சந்தைக்குப் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். மூன்றாவது வாரம் அதே மலையிலிருந்து வந்த ஒருவரிடம் விசாரித்தேன். அந்த அம்மாவுக்கு மலைக்காய்ச்சல் கண்டு உடம்பு முடியவில்லை, இனிமேல் சந்தைக்கு இறங்க மாட்டார் என்றார். மருமகளைப் பற்றிக் கேட்டேன்.

"அது இங்க இல்லீங்களே. அந்தப் பேச்சுக்கப்பறம் அதை வூட்டுல வெச்சுக்கலீங்க. அதோட அப்பன் வூடு சித்தேரிப் பக்கம். போயிடுச்சு. புள்ளைய மட்டும் இவங்க வெச்சுக்கிட்டாங்க."

குழந்தையை வைத்துக்கொண்டு தாயை அனுப்பிவிட்டார்கள்.

மறுநாளே வத்தல்மலைக்கு ஏறினேன். அந்த அம்மா பாயில் படுத்திருந்தார். நான் யார் என்றே அவருக்குத் தெரியவில்லை, நினைவு அவ்வளவு தப்பியிருந்தது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இருந்த உறவுக்காரர்களிடமும் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். "அது முடிஞ்சு போனதுங்களே" என்று ஒருவர் சொன்னார். கேழ்வரகுக் கூழ் கொடுத்து அனுப்பினார்கள்.

சித்தேரிக்கும் போக வேண்டும் என்று கிளம்பி, அரூர் வரைக்கும் போனேன். அங்கிருந்து மலைக்கு வழி கேட்டேன். நடந்துதான் போக வேண்டும், மழை பிடித்துக்கொண்டது, இரண்டு நாள் பிறகு வாருங்கள் என்றார்கள். ஊர் திரும்பினேன். இரண்டு நாள் கழித்துப் போகவில்லை. அடுத்த மாதம் போகலாம் என்று இருந்தேன். அடுத்த வருஷம் என்று ஆயிற்று. அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது. மழைமேல் பழியைப் போட நான் இப்போது தயாராக இல்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. அவள் இருந்தால் அவளுக்கும் அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். அவள் பொறுமையில்லாமல் ஓடி வரவில்லை, அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று அன்றைக்குச் சந்தையில் நாலு பேர் கேட்கச் சொல்லாததை, நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதியாவது வைக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இதை எழுதுவதால் அவளுக்கு அவளுடைய குழந்தை திரும்பக் கிடைத்துவிடாது என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருக்கிறது.